பல்லிடுக்கில் ஓர் உலகைக் கண்ட துணி வணிகர்

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் கொலுசுப் பட்டறைகளில் வேலை செய்வோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. மெருகேற்றி வைத்த வெள்ளி காற்றில் கிடந்தால் நாளடைவில் மங்கும். சாக்கடையோ சேறோ அருகில் இருந்தால் இன்னும் விரைவில் கறுக்கும். அந்தக் கறுப்புக்கு முதன்மைக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும், அழுகிய முட்டை நாற்றமுடைய வாயு. சாக்கடைச் சேற்றில் அதை உண்டாக்குபவை பாக்டீரியாக்கள். காற்றுப் புகாத ஈர மண்ணில் புதைந்து கிடக்கும் இரும்புக் குழாயை அரிப்பவையும் அதே வகையினவே. அவற்றுக்குத் தூரத்து உறவான வேறு சில பாக்டீரியாக்கள் நம் பற்களின் மேல் படிந்து அவற்றைச் சொத்தையாக்குகின்றன.

பல்லைக் கவனிப்பவர் மருத்துவர். குழாயைக் கவனிப்பவர் பொறியாளர். இருவரும் ஒரே இயல்புடைய எதிரியோடுதான் போராடுகிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த எதிரியை முதன்முதலில் கண்ணால் கண்டவர் மருத்துவரும் அல்லர், பேராசிரியரும் அல்லர். ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் துணிக்கடை நடத்தியவர். பெயர் ஆண்டனி வான் லீவன்ஹூக். நுண்ணுயிரியலின் தந்தை என்ற ஒற்றை வரியோடு பாடநூல்கள் அவரைக் கடந்துவிடுகின்றன. நுண்ணுயிர்களைக் கண்டது மட்டுமன்று, அவற்றை மருந்தால் மட்டும் ஏன் அழிக்க முடியாது என்பதற்கான முதல் குறிப்பையும் அவரே விட்டுச் சென்றார். அந்தக் குறிப்புக்காகவே அவரது வாழ்க்கையை இன்று மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கிறது.

லீவன்ஹூக் 1632ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி டெல்ஃப்டில் பிறந்தார். தந்தை கூடை முடைபவர். தாய் பீர் வடிக்கும் தொழில் செய்த குடும்பத்திலிருந்து வந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் மறுமணம் செய்துகொள்ள, சிறுவன் வெளியூர்ப் பள்ளிக்கும் பின்னர் உறவினர் வீட்டுக்கும் அனுப்பப்பட்டான். 16 வயதில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு துணி வணிகரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தின் படியை அவர் மிதித்ததில்லை. அந்நாளில் அறிவியலின் மொழியாக விளங்கிய லத்தீன் அவருக்குத் தெரியாது. வாழ்நாள் முழுவதும் தாய்மொழியான டச்சு ஒன்றிலேயே எழுதினார்.

1654இல் டெல்ஃப்டுக்குத் திரும்பித் திருமணம் செய்துகொண்டு, சொந்தமாகத் துணிக்கடை தொடங்கினார். பிறந்த குழந்தைகள் ஐவரில் மரியா என்ற ஒரு மகளே பிழைத்தாள். 1666இல் மனைவியும் மறைந்தார். பின்னர் மறுமணம் செய்துகொண்ட லீவன்ஹூக், இரண்டாம் மனைவியையும் 1694இல் இழந்தார். இறுதிவரை அவருக்குத் துணையாக இருந்தவள் மகள் மரியாவே. இத்தனை இழப்புகளுக்கிடையிலும் அவருடைய உழைப்பு ஓயவில்லை. நகர மன்றத்தில் அறைக் காப்பாளர் பணி 1660இல் கிடைத்தது. நில அளவையாளராக 1669இல் தேர்ச்சி பெற்றார். மதுப் பீப்பாய்களை அளந்து சான்றளிக்கும் பொறுப்பையும் பின்னர் ஏற்றார். அதே ஊரில், அதே ஆண்டு, அதே மாதம் பிறந்த உலகப் புகழ்பெற்ற ஓவியர் வெர்மீர் கடனில் மூழ்கி மறைந்தபோது, அவருடைய சொத்துகளை நிர்வகிக்கும் பொறுப்பு 1676இல் லீவன்ஹூக்கிடமே ஒப்படைக்கப்பட்டது. நாணயமானவர், கணக்கில் கெட்டிக்காரர் என்று ஊரார் அவரை நம்பினர்.

துணி வணிகருக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி தொழிற்கருவி. ஓர் அங்குலத்தில் எத்தனை இழை ஓடுகிறது, நூல் சீராக இருக்கிறதா என்பதை அதன் வழியேதான் பார்ப்பார்கள். சேலத்துத் துணிச் சந்தைகளிலும் பாவையும் ஊடையையும் எண்ணுவதற்குச் சிறு மடக்குக் கண்ணாடியைப் பயன்படுத்துவது உண்டு. மற்றவர்கள் நூலை எண்ணியதோடு நிறுத்திக்கொண்டனர். லீவன்ஹூக்கோ அந்தக் கண்ணாடி காட்டியதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கினார். வாங்கிய லென்ஸ்கள் போதாதபோது தாமே செய்யக் கற்றுக்கொண்டார்.

அவர் செய்த நுண்ணோக்கி இன்றைய ஆய்வகக் கருவியைப் போன்றது அன்று. தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் இரண்டு சிறு உலோகத் தகடுகள். அவற்றின் நடுவே பதித்த, குண்டூசித் தலையைச் சற்றே ஒத்த ஒரே ஒரு லென்ஸ். பார்க்க வேண்டிய பொருளைக் குத்தி நிறுத்த ஓர் ஊசி. அதை நகர்த்தத் திருகாணி. இவ்வளவுதான். கண்ணுக்கு மிக அருகில் வைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். தகடுகளைப் பித்தளையில் செய்தார், வெள்ளியிலும் செய்தார், சிலவற்றைத் தங்கத்திலும் செய்தார். வாழ்நாளில் அவர் செய்த லென்ஸ்கள் ஏறத்தாழ 500. இன்று எஞ்சியிருக்கும் நுண்ணோக்கிகள் ஒரு டஜன் அளவே. அவற்றில் மிகச் சிறந்தது ஒரு பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

டெல்ஃப்டில் வாழ்ந்த மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப் லண்டனிலுள்ள ராயல் சொசைட்டிக்கு இவரை அறிமுகப்படுத்தினார். 1673இல் தொடங்கிய கடிதப் போக்குவரத்து ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. 1674இல் அருகிலிருந்த ஏரி நீரில் துள்ளித் திரியும் நுண்ணுயிர்களைக் கண்டார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய விரும்பி அதை நீரில் ஊறவைத்தார். மிளகுத் துகளில் முட்கள் இருக்கலாம் என்று எதிர்பார்த்தவர், அந்த நீரில் அதுவரை எவரும் காணாத மிக நுண்ணிய உயிர்கள் திரளாக அசைவதைப் பார்த்தார். 1676 அக்டோபரில் இதை விரிவாக எழுதி அனுப்பினார்.

லண்டன் அறிஞர்கள் எளிதில் நம்பவில்லை. துணிக்கடைக்காரர் ஒருவர், கண்ணுக்குத் தெரியாத விலங்குகள் ஒரு சொட்டு நீரில் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன என்று எழுதினால் யார்தான் நம்புவார்? லீவன்ஹூக் கோபிக்கவில்லை. சமயப் போதகர்கள், ஆவணப் பதிவாளர் உள்ளிட்ட ஊர்ப் பெரியோரை அழைத்து, தம் நுண்ணோக்கியில் பார்க்கச் செய்து, அவர்களின் சாட்சியத்தைப் பெற்று அனுப்பினார். 1677 நவம்பரில் ராபர்ட் ஹூக் தாமே சோதனை செய்து அவர் கண்டது உண்மையே என்று உறுதிப்படுத்தினார். 1680இல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஆயினும் அதன் கூட்டம் எதிலும் அவர் கலந்துகொண்டதில்லை.

அவரது வாழ்வின் மிகச் சுவையான பகுதி 1683 செப்டம்பர் 17ஆம் தேதியிட்ட கடிதம். அப்போது அவருக்கு ஐம்பது வயது. தம் பற்களின் தூய்மையில் அவருக்குப் பெருமிதம் உண்டு. காலைதோறும் உப்பால் பல் துலக்கி வாய் கொப்பளிப்பார். கடைவாய்ப் பற்களை ஈர்க்கால் குத்திச் சுத்தம் செய்வார். உணவுக்குப் பின் துணியால் தேய்ப்பார். உப்பும் கரியும் வேப்பங்குச்சியும் கொண்டு பல் துலக்கிய நம் முன்னோருக்கு இந்தப் பழக்கம் புதிதன்று. அந்த வயதில் அவ்வளவு வெண்மையான பற்களை அவருடைய ஊரில் காண்பது அரிது.

மற்றவராக இருந்தால் அந்தப் பெருமிதத்தோடு நின்றிருப்பார். லீவன்ஹூக் தம்மையே சோதனைக்கு உட்படுத்தினார். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, இவ்வளவு துலக்கிய பிறகும் பல்லிடுக்குகளில் மாவுக் கரைசல் போன்ற வெள்ளைப் படிவு தங்கியிருப்பது தெரிந்தது. அதைச் சுரண்டி எடுத்து, மழை நீரிலும் உமிழ்நீரிலும் கலந்து நுண்ணோக்கியில் வைத்தார். உயிர்கள் நெளிந்தன, சுழன்றன, சில அம்பு போலப் பாய்ந்தன, சில பம்பரம் போலச் சுற்றின. அவற்றின் வடிவங்களைப் படமாக வரையச் செய்தும் அனுப்பினார். கோல் வடிவம், உருண்டை வடிவம், சுருள் வடிவம் என்று இன்றைய மாணவர் படிக்கும் பாக்டீரியா வகைகள் பலவற்றை அந்தப் படங்களில் அடையாளம் காண முடிகிறது.

அதோடு அவர் நிறுத்தவில்லை. பெண்கள், எட்டு வயதுச் சிறுவர், பல்லே துலக்கியறியாத முதியவர், நாள்தோறும் மதுவும் புகையுமாக வாழ்ந்த இன்னொரு முதியவர் எனப் பலரிடமிருந்து படிவைப் பெற்று ஒப்பிட்டார். துலக்காத வாயில் அந்த உயிர்கள் அளவின்றிப் பெருகியிருந்தன. ஒருவர் வாயில் வாழும் உயிர்களின் எண்ணிக்கை, தம் நாட்டு மக்கள் தொகையையே விஞ்சும் என்று அவர் கணித்தார். இன்றைய அறிவியல் மனித வாயில் சுமார் 700 வகை பாக்டீரியாக்களை அடையாளம் கண்டிருக்கிறது. அவருடைய கணிப்பு மிகையன்று, குறைவே.

இதற்கடுத்து அவர் செய்த சோதனைதான் இக்கட்டுரையின் மையம். படிவைக் கரைத்த நீரில் வினிகரைச் சேர்த்தபோது உயிர்கள் உடனே அசைவற்றுப் போயின. அப்படியானால் வினிகரால் வாய் கொப்பளித்தால் வாயிலுள்ள உயிர்கள் அனைத்தும் மடிந்துவிட வேண்டுமல்லவா? செய்து பார்த்தார். பல்லிடுக்கிலிருந்து எடுத்த படிவில் உயிர்கள் முன்போலவே அசைந்துகொண்டிருந்தன. வினிகர் படிவின் மேற்புறத்தில் இருந்தவற்றைத்தான் கொன்றது, உள்ளே ஊடுருவவில்லை என்று அவர் முடிவு செய்தார். தனித்து மிதக்கும் பாக்டீரியா வேறு, ஒன்றுதிரண்டு ஒட்டிக்கொண்ட பாக்டீரியா வேறு என்ற பேருண்மை அந்த எளிய சோதனையில் வெளிப்பட்டது. அதன் முழுப் பொருளை உலகம் உணர ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆயின.

1692இல் மீண்டும் தம் வாயைச் சோதித்தபோது, முன்பற்களின் படிவில் உயிருள்ளவை எதுவும் தென்படவில்லை. காலையில் குடிக்கும் கொதிக்கும் காப்பியின் சூடு அவற்றைக் கொன்றிருக்கலாம் என்று ஊகித்தார். காப்பியின் சூடு நேராகத் தாக்காத கடைவாய்ப் பற்களில் அவை உயிரோடு இருந்தன. எதையும் ஊகத்தோடு விடாமல், எங்கே உண்டு, எங்கே இல்லை, ஏன் என்று இடம் பிரித்துப் பார்க்கும் அந்தப் பழக்கமே அவரை வேடிக்கை பார்ப்பவரிலிருந்து விஞ்ஞானியாக உயர்த்தியது.

பல்வலிக்குக் காரணம் பல்லுக்குள் இருக்கும் புழு என்ற நம்பிக்கை அந்நாளில் உலகெங்கும் இருந்தது. பூச்சிப் பல் என்ற நம் பேச்சு வழக்கிலும் அது உறைந்திருக்கிறது. புகை பிடித்துப் பல்லிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட புழுக்கள் லீவன்ஹூக்கின் கைக்கு வந்தன. அவர் அவற்றைப் பழைய பாலாடைக்கட்டியில் காணப்படும் புழுக்களோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று கண்டார். 1700ஆம் ஆண்டு வாக்கில் ராயல் சொசைட்டியின் இதழில் இது வெளியானது. பல்லிலிருந்து புழு எடுத்துக் காட்டும் வித்தைக்காரர்கள் நம்மூர்ச் சந்தைகளில் அதற்குப் பின்னரும் நெடுங்காலம் பிழைத்தார்கள் என்பது வேறு கதை.

இத்தனையும் கண்ட அவர், பல் சொத்தைக்குத் தாம் கண்ட உயிர்களே காரணம் என்ற கடைசிப் படியை ஏறவில்லை. அதை ஏறியவர் அமெரிக்கரான வில்லோபி மில்லர். பெர்லினில் ராபர்ட் காக்கின் ஆய்வு மரபில் பயின்ற பல் மருத்துவர். 1890இல் அவர் வெளியிட்ட நூல் காரணத்தைத் தெளிவாக்கியது. பாக்டீரியா பல்லைக் கடிப்பதில்லை. நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் புளிக்கவைத்து அமிலமாக்குகிறது. அந்த அமிலம் பல்லின் வெளிப்பூச்சான எனாமலிலுள்ள சுண்ணச்சத்தைக் கரைக்கிறது. வாயின் அமிலக் காரக் குறியீடு 5.5க்குக் கீழே இறங்கினால் கரைதல் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். எனவே ஒரே வேளையில் உண்ணும் இனிப்பைவிட, நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கொறிக்கும் இனிப்பே பல்லுக்குப் பெரும் பகை.

சர்க்கரையிலிருந்து பசை போன்ற பொருளை நெய்து, பல்லின்மேல் ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியா ஒன்றை 1924இல் லண்டனில் கிளார்க் என்ற அறிஞர் பிரித்தெடுத்தார். அந்தப் பசைதான் கோட்டைச் சுவர். அதற்குள் பல இனங்கள் அடுக்கடுக்காகக் குடியேறுகின்றன. ஒன்றன் கழிவு மற்றொன்றின் உணவு. வெளியிலிருந்து வரும் மருந்து மேலடுக்கிலேயே செலவாகிவிடுகிறது. மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவைப் போலப் பல மடங்கு மருந்தையும் படலத்துக்குள் இருப்பவை தாங்கிக்கொள்கின்றன. நுண்ணுயிர்ப் படலம் என்று இன்று அழைக்கப்படும் இது, லீவன்ஹூக் தம் வாயில் வினிகரை ஊற்றி அறிந்த அதே கோட்டைதான்.

இங்கே அவரது ஊரான டெல்ஃப்ட் மீண்டும் கதைக்குள் வருகிறது. 1895இல் அதே நகரில் மார்ட்டினஸ் பெய்ஜரிங்க் என்ற நுண்ணுயிரியல் அறிஞர், சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும் பாக்டீரியாவைக் கண்டறிந்தார். காற்று இல்லாத சேற்றில் வாழும் இனம் அது. ஹாலந்தின் ஈரக் களிமண்ணில் புதைத்த வார்ப்பிரும்புக் குழாய்கள் அந்நாளில் விளங்காத முறையில் கெட்டுக்கொண்டிருந்தன. வடிவம் மாறாமல் இருக்கும்; ஆனால் பேனாக்கத்தியால் சீவும் அளவுக்கு மென்மையாகியிருக்கும். இரும்பு கரைந்துபோய்க் கரியம் மட்டும் கூடாக எஞ்சியிருக்கும். துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனே இல்லாத மண்ணில் இரும்பு எப்படி அரிக்கிறது?

1934இல் வோல்சோகன் கூர், வான் டெர் வ்லுக்ட் என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் விடை கண்டனர். சல்ஃபேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்களே அந்த அரிப்பை முன்னின்று நடத்துகின்றன என்பது அவர்களின் முடிவு. அவர்கள் தந்த விளக்கத்தின் நுட்பங்கள் பின்னாளில் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிலைத்துவிட்டது. உலோகத்தின்மேல் படலம் படிகிறது. அதற்கடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு இரும்போடு சேர்ந்து கரிய சல்ஃபைடாகிறது. ஓர் இடத்தில் மட்டும் ஆழமாகக் குழி விழுகிறது. பல்லில் சொத்தை விழுவதும் இவ்வாறே. வேதியியல் வேறு, படலத்தின் மறைவில், ஒரு புள்ளியில், வெளியே தெரியாமல் நடக்கும் அழிவு என்ற முறை ஒன்றே.

துருப்பிடிக்காத எஃகும் இதற்குத் தப்புவதில்லை. சேலம் உருக்காலையின் பெயரை நாடறியச் செய்தது இந்த எஃகு. குரோமியம் ஆக்சைடு என்னும் மெல்லிய தோல்தான் அதைக் காக்கிறது. கசிவுச் சோதனைக்காகக் குழாயில் நிரப்பிய நீரை வடித்து உலர்த்தாமல் விட்டால், பற்றவைத்த இடங்களில் பாசிபோல் படலம் படியும். அதனடியில் அந்தத் தோல் கிழிந்து, சில மாதங்களிலேயே ஊசித்துளைகள் விழுந்த நிகழ்வுகள் தொழிற்சாலைகளில் பல உண்டு. எஃகில் பழுதில்லை; தேங்கிய நீரை வடிக்காத சோம்பலே பழுது.

இத்தகைய அரிப்பை ஆராயும் நிறுவனம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அமைவதற்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் அது திறக்கப்பட்டது. மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் கடல் நீரிலும் உப்புக் காற்றிலும் வைத்துச் சோதிக்கும் அதன் ஆய்வு புகழ்பெற்றது. எண்ணெய்க் குழாய்களிலும் குளிர்நீர்க் குழாய்களிலும் பாக்டீரியா உண்டாக்கும் அரிப்பும் அதன் ஆய்வுப் பொருள்களில் ஒன்று.

குழாய் காப்போர் கண்ட வழிமுறைகள் பல் காப்போரின் வழிமுறைகளை அப்படியே ஒத்திருப்பது வியப்பூட்டும். குழாய்க்கு மேற்பூச்சு, பல்லுக்கு எனாமலை உறுதியாக்கும் ஃபுளோரைடு. குழாய்க்குள் தூரிகை பொருத்திய கருவியைச் செலுத்திச் சுரண்டுவது. பல்லுக்குத் தூரிகையும் இடுக்கில் செலுத்தும் நூலும். சுரண்டிய பிறகே கிருமிக்கொல்லி. துலக்கிய பிறகே வாய் கொப்பளிக்கும் மருந்து. இந்த வரிசை மாறினால் பயன் பெரிதும் குறைந்துவிடும் என்பதே லீவன்ஹூக்கின் வினிகர் தரும் பாடம்.

ஃபுளோரைடைப் பொறுத்தவரை சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்குத் தனி எச்சரிக்கை தேவை. 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பல் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃபுளோரைடைச் சேர்த்தார்கள். இங்கோ நிலத்தடிப் பாறையே அதை அளவுக்கு மீறி நீரில் கலந்துவிடுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும் கிணறுகள் பல. அந்நீரைக் குடித்து வளரும் குழந்தைகளின் பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் விழுகின்றன. மிகுந்தால் எலும்பும் பாதிக்கப்படுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்ததன் நோக்கங்களில் முதன்மையானது இதுவே. ஓரிடத்தில் மருந்தாவது மற்றோரிடத்தில் நஞ்சாகலாம். அளந்து பார்க்காமல் எதையும் ஏற்கக் கூடாது.

லீவன்ஹூக்கிடம் குறையும் இருந்தது. தம் சிறந்த லென்ஸ்களைச் செய்த விதத்தையும் பார்க்கும் முறையையும் அவர் கடைசிவரை வெளியிடவில்லை. இளைஞர்களுக்குக் கற்றுத் தருமாறு தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் வேண்டியும் இசையவில்லை. அவருக்குப் பின் அதே ஆற்றலுடன் நுண்ணுயிர்களைப் பார்க்கக் கூடியவர் நெடுங்காலம் தோன்றவில்லை. அந்த ரகசியத்தின் ஒரு பகுதி 2021இல்தான் விடுபட்டது. நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி, கருவியைப் பிரிக்காமலேயே உள்ளே பார்த்த டச்சு ஆய்வாளர்கள், அவருடைய ஆற்றல்மிக்க லென்ஸ், கண்ணாடி இழையை நெருப்பில் உருக்கிச் செய்த சிறு மணி என்று கண்டனர். ராபர்ட் ஹூக் நூலில் எழுதி வெளியிட்டிருந்த முறைதான் அது. தொழில் ரகசியம் குடும்பத்தோடு மறைந்துபோகும் துயரம் நம் கைவினைஞர்களுக்கும் தெரிந்ததே.

முதுமையிலும் அவர் வேலையை விடவில்லை. 1698இல் ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் அவரை வரவழைத்து, விலாங்கு மீனின் வாலில் குருதி ஓடுவதைக் கண்டு மகிழ்ந்தார். தம் வயிற்றுக்கு மேற்புறத்தில் விட்டுவிட்டு எழுந்த துடிப்பு நோயையும் அவரே கவனித்து விவரித்தார். அந்த அரிய நோய்க்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. சாவதற்குச் சில நாள் முன்புவரை கடிதங்களைச் சொல்லி எழுதச் செய்தார். 1723 ஆகஸ்ட் 26ஆம் தேதி, 90 வயதில் மறைந்தார். டெல்ஃப்டின் பழைய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் விருப்பப்படி 26 வெள்ளி நுண்ணோக்கிகள் அடங்கிய பெட்டியை மரியா ராயல் சொசைட்டிக்கு அனுப்பினாள். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பெட்டி காணாமல் போயிற்று, இன்றுவரை கிடைக்கவில்லை. வெள்ளி போனாலும் கடிதங்கள் எஞ்சின. அவர் கருவிக்குத் தகடாக்கிய அதே வெள்ளி, ஃபுளோரைடோடு சேர்ந்து இன்று பல் மருந்தாகவும் வந்திருக்கிறது. சொத்தையின்மேல் தடவினால் பாக்டீரியாவைக் கொன்று சொத்தை பரவாமல் நிறுத்தும் சில்வர் டைஅமீன் ஃபுளோரைடை, 2021இல் உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சொத்தையான இடம் கறுத்துவிடும் என்பது அதன் குறை. ஆனால் துளைக்காமலும் வலியில்லாமலும் சிற்றூர்க் குழந்தைக்குப் பள்ளியிலேயே சிகிச்சை தர முடிகிறது என்பது அதன் நிறை.

இன்று நம் கடைகளில் வாய் கொப்பளிக்கும் மருந்துகள் வண்ண வண்ணமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பல் காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும் என்ற தவறான அச்சமோ இன்னும் அகலவில்லை. பல்லை ஆடச் செய்வது காரையும் அதனடியில் வாழும் பாக்டீரியாவுமே, அகற்றும் கருவியன்று. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளிலும் இதே நிலையைக் காணலாம். சுவரில் படிந்த வழுவழுப்பைத் தேய்த்துக் கழுவாமல், பிளீச்சிங் பவுடரை மட்டும் கொட்டிவிட்டுத் தூய்மை செய்த தேதியை எழுதி வைப்பது போதாது. குளோரின் நீரில் மிதப்பவற்றைக் கொல்லும். சுவரில் ஒட்டியவை பிழைத்து மீண்டும் பெருகும்.

பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறை பல் பரிசோதனை, இரவு படுக்குமுன் பல் துலக்கும் பழக்கம், இனிப்பை உணவு வேளையோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடு. ஊராட்சிகளில் தொட்டியைத் தேய்த்துக் கழுவப் போதிய ஆளும் நேரமும். ஆலைகளில் சோதனை நீரை வடித்து உலர்த்தும் ஒழுங்கு. இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. புட்டியில் அடைத்து விற்க முடியாதவை என்பதால் இவற்றுக்கு விளம்பரமும் இல்லை. கையால் தேய்த்துச் செய்யும் எளிய வேலையை மருந்தால் ஈடுசெய்ய முடியாது என்பதை, படிப்பறிவு குறைந்தவர் என்று எண்ணப்பட்ட ஒரு துணி வணிகர் தம் வாயையே ஆய்வுக்கூடமாக்கி 340 ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது மட்டுமே நம் பொறுப்பு.